வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாத நோய்

சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ரோல்ஃப் லுஃப்ட் என்ற நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் 35 வயதுப் பெண் ஒருவர் வந்தார். எவ்வளவு சாப்பிட்டாலும் அவர் உடம்பில் சதை பிடிக்கவில்லை. அந்தக் குளிர் நாட்டில் அவருக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. தைராய்டுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். சோதித்தால் தைராய்டு சரியாக இருந்தது. தசையில் சிறு துண்டெடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்களுக்குள் இருந்த மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருத்தும் எண்ணிக்கையில் மிகுந்தும் கிடந்தன. சாப்பிட்டதெல்லாம் எரிந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி உடம்புக்கு உதவாமல் வெறும் சூடாக வெளியேறிக்கொண்டிருந்தது. 1962-ல் லுஃப்டும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் நோய் வரும் என்பதற்கு முதல் சாட்சி அந்தப் பெண்தான்.

அவருக்கு வந்த அதே நோய் அதற்குப் பிறகு உலகத்தில் இன்னொருவரிடம்தான் உறுதியானது. ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற நோய்கள் அப்படி அபூர்வமில்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் எடுத்த கணக்கு ஒன்று 2015-ல் வெளியானது. அதன்படி பெரியவர்களில் சுமார் 4,300 பேரில் ஒருவருக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் இருக்கிறது, அல்லது அது வரக்கூடிய மரபணு மாற்றம் இருக்கிறது. பெயர் தெரியாமலே மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கத்தான் செய்வார்கள்.

அலைய வைப்பதே இந்த நோயின் குணம். சாப்பிட்ட சோற்றையும் இழுத்த மூச்சையும் கொண்டு, உடம்பு செலவழிக்கக்கூடிய ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. அதில் குறை வந்தால் முதலில் தவிப்பவை அதிகம் செலவழிக்கும் உறுப்புகள்: மூளை, தசை, இதயம், கண், காது, கணையம். கண் இமை தொங்குகிறது என்று ஒருவர் கண் டாக்டரிடம் போவார். காது மந்தமானதும் காது மூக்கு தொண்டை நிபுணர். ஒல்லியாக இருந்தும் சர்க்கரை வந்துவிட்டதே என்று சர்க்கரை டாக்டர். விடாத தலைவலிக்கு நரம்பு டாக்டர், தீராத மலச்சிக்கலுக்கு வயிற்று டாக்டர். ஐந்து ஃபைல்களையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்க ஒருவர் அமையும்வரை அவருக்கு ஐந்து நோய்கள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

தாயிடமிருந்து வருவதும் வராததும்

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 1981-லேயே இதை முழுதாகப் படித்துவிட்டார்கள். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். இதில் 3243-வது இடத்தில் ஓர் எழுத்து மாறினால் ஒரு வீட்டில் சர்க்கரையும் செவிட்டுத்தன்மையும் வரலாம். இன்னொரு வீட்டில் பக்கவாதம் போன்ற தாக்குதல்களும் வலிப்பும் கொண்ட மெலாஸ் என்ற கடும் நோய் வரலாம். ஒரே வீட்டில் அக்காவுக்கு மெலாஸும் தம்பிக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம். ஒவ்வொரு செல்லிலும் இந்த டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதுதான் காரணம். அவற்றில் எத்தனை பங்கு பழுது என்பது ஆளுக்கு ஆள் மாறும், உறுப்புக்கு உறுப்பும் மாறும். ஒரு வரம்பைத் தாண்டிய இடத்தில்தான் நோய் தலைகாட்டும்.

இதில் பரிசோதனை தொடர்பான ஒரு சிக்கலும் இருக்கிறது. 3243 மாற்றம் வயதாக ஆக ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். நாற்பது வயதுக்காரரின் ரத்தத்தை மட்டும் சோதித்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அதே ஆளின் சிறுநீரில் உதிரும் செல்களில் அந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை நம்புகிற அளவுக்கு ஒரு சிறுநீர் டப்பாவை நாம் நம்புவதில்லை. இங்கே அந்த டப்பாதான் மேல்.

‘தாய்வழி நோய்’ என்ற பெயர் வீட்டில் இன்னொரு கொடுமையையும் செய்கிறது: பழி முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. மைட்டோகாண்ட்ரியாவை உருவாக்கி நடத்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13-க்கு மட்டுமே அந்தச் சிறு டிஎன்ஏ பொறுப்பு. மற்ற எல்லாவற்றுக்குமான குறிப்பு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வரும் சாதாரண மரபணுக்களில் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் வெளிப்படும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான். பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சத்தமில்லாமல் சுமந்திருந்தால் குழந்தைக்கு நோயாக வரும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுக்கும் குடும்பங்களில் அப்படி இருவர் சேர வாய்ப்பு கூடுதல். ஆகவே மருமகள் பக்கம் கைநீட்டும் மாமியார்கள் முதலில் மரபணு அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

சக்திக்கு ஒரு கணக்கு

முழுதாகக் குணமாக்கும் மருந்து பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் இல்லை. இதைச் சொன்னதும் ‘அப்புறம் டாக்டரிடம் போய் என்ன பயன்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு. நோயால் வருகிற கெடுதலில் கணிசமான பங்கு, தவிர்த்திருக்கக் கூடிய மூன்று விஷயங்களால் வருகிறது: பட்டினி, கவனிக்காத காய்ச்சல், பொருந்தாத மருந்து.

அந்த மூன்றுக்கும் முன் அலுப்பிலிருந்து தொடங்கலாம். இது வேலை செய்து களைத்தவரின் அலுப்பல்ல. குளித்துவிட்டு வந்து தலை துவட்டக் கை தூக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிடும் அலுப்பு. ‘பார்க்க நல்லாத்தானே இருக்கே’ என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சோம்பேறிப் பட்டமும் கூடவே வரும். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் முதல் தேதியே அந்த மாதச் செலவைப் பிரித்துவைப்பதுபோல், இவர்கள் காலையிலேயே அன்றைய தெம்பைப் பிரித்துவைக்கப் பழகிக்கொள்கிறார்கள். துணி துவைக்கும் நாளில் கடைக்குப் போவதில்லை. காய் நறுக்குவது உட்கார்ந்தபடி. கல்யாணத்துக்குப் போவதென்றால் முந்தின நாளும் மறுநாளும் ஓய்வு.

அதற்காகப் படுத்தே கிடப்பதும் கூடாது. நடை, சைக்கிள் போன்ற மிதமான பயிற்சியைச் சீராகச் செய்த நோயாளிகளின் தசை ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சியை நிறுத்தியதும் கிடைத்த பலனும் போய்விட்டது. தொடங்கும் முன் இதயப் பரிசோதனை அவசியம். மறுநாளும் தீராத தசைவலி வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

பட்டினி விஷயத்தில்தான் நம் பழக்கங்களோடு இந்த நோய் நேருக்கு நேர் மோதுகிறது. ஏகாதசி, சஷ்டி, கிருத்திகை, நோன்பு என்று நீண்ட நேரம் வயிற்றைக் காயப்போடுவது இவர்களுக்கு ஆபத்து. சாப்பாடு இல்லாதபோது உடம்பு சேமிப்பிலிருக்கும் கொழுப்பை எடுத்து எரிக்க வேண்டும். அந்த வேலையும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் நடக்கிறது. ஏற்கெனவே தடுமாறும் இடத்தில் இன்னும் பளு ஏறும், ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும். அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறாகப் பிரித்துக்கொள்வதும், படுக்கப் போகும்முன் ஏதாவது சாப்பிடுவதும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. காய்ச்சல், வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாமல் போனால் வீட்டில் ரசஞ்சாதத்தோடு காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன் ‘ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதீங்க’ என்பார்கள் அல்லவா? அந்த நேரத்தைக் குறைக்கும்படியும், காலையில் முதல் ஆளாக எடுத்துக்கொள்ளும்படியும், நரம்பில் குளுக்கோஸ் ஓடவிடும்படியும் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். பல அறுவை அரங்குகளில் வழக்கமாக மாட்டும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலையும் இவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

பேலியோ மோகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பை ஏற்றும் உணவு, பைருவேட் டிஹைட்ரஜனேஸ் குறைபாடு என்ற ஒரு வகைக்கு உண்மையாகவே சிகிச்சை. அதே உணவை மைட்டோகாண்ட்ரியா பழுதால் கண் தசை வாதம் வந்த நோயாளிகளுக்குப் பின்லாந்தில் கொடுத்துப் பார்த்தபோது தசைவலியும் தசைச் சிதைவும் வந்து அவர்கள் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. 2016-ல் அந்த ஆய்வு வெளியானது. மரபணுவின் பெயர் தெரியாமல் வாட்ஸ்அப் உணவு அட்டவணையைப் பின்பற்றக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரைப் பெட்டி

வலிப்புக்கு நாம் சாதாரணமாகப் பார்க்கும் வால்ப்ரோயேட், பிஓஎல்ஜி என்ற மரபணு பழுதான குழந்தைக்குக் கொடுக்கப்பட்டால் கல்லீரலே செயலிழந்து உயிர் போகலாம். காரணம் புரியாத வலிப்போடு வரும் குழந்தைக்கு அந்த மருந்தைத் தொடங்கும் முன் இந்தச் சந்தேகத்தை எழுப்புவது உயிர் காக்கும். மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 1555-வது எழுத்து மாறியவர்களுக்கு ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் காதை நிரந்தரமாகக் கெடுக்கலாம். மருந்துக்கு மசியாத காசநோய்க்குத் தரப்படும் லினிசோலிட், பாக்டீரியாவில் எதைத் தாக்குகிறதோ அதே மாதிரியான அமைப்பு மைட்டோகாண்ட்ரியாவிலும் இருப்பதால் அதையும் தொட்டுவிடும். நம் ஊரில் சர்க்கரை என்றதும் முதலில் எழுதப்படுவது மெட்ஃபார்மின். 3243 மாற்றத்தால் வந்த சர்க்கரைக்குப் பல நிபுணர்கள் அதைத் தவிர்க்கிறார்கள், லாக்டிக் அமிலம் ஏறிவிடுமோ என்ற அச்சத்தால்.

இதைப் படித்துவிட்டு எல்லா மாத்திரைக்கும் பயப்பட வேண்டாம். ‘மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஆகாத மருந்துகள்’ என்று சுற்றிவரும் நீண்ட பட்டியல்களில் பெரும்பகுதி சோதனைக் குழாய் ஆய்வுகளிலிருந்து வந்தது. பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட முடிவு, பெரும்பாலான மருந்துகளை இவர்களுக்குக் கொடுக்கலாம் என்றது. எழுதித் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் பெருங்கேடு.

சத்து மாத்திரைகளின் கதை வேறு. கோஎன்சைம் கியூ10, ரிபோஃப்ளேவின், கார்னிடைன் எல்லாம் சேர்த்து ஒரு ‘காக்டெய்லாக’ எழுதித் தருவது உலகெங்கும் வழக்கம். உடம்பிலேயே கியூ10 உருவாகாத வகையினருக்கு அது சிகிச்சை. பயோட்டினும் தயமினும் கொடுத்தால் எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு, அவர்களுக்குப் பழுதான மரபணு வேறு. இந்தச் சில வகைகளைத் தவிர மற்றவர்களுக்கு இவை பெரிதாக உதவுகின்றன என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. மாதாமாதம் அதற்கே பெரும் பணம் போகிறதென்றால், அந்தக் காசை ஒருமுறை மரபணுப் பரிசோதனைக்குச் செலவிடுவது மேல் என்பேன்.

கண்ணும் காதும் இதயமும்

இமை தொங்குகிறவர்களைக் கவனித்தால் தெரியும்: முகவாயை உயர்த்தி, புருவத்தைத் தூக்கி, நெற்றி முழுக்கச் சுருக்கம் விழ எதிரே இருப்பவரைப் பார்ப்பார்கள். மாலையானால் கழுத்து வலிக்கும். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் உட்புறம் இமையைத் தாங்கும்படி ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்திக்கொள்ளலாம். அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால் தூங்கும்போது கண் மூடாமல் கருவிழி காய்ந்துபோகும். காது மந்தத்துக்குக் கருவி, அதிலும் தீராவிட்டால் காக்ளியர் இம்பிளாண்ட். இவர்களுக்குக் கெடுவது பெரும்பாலும் உட்செவிதான், நரம்பு பிழைத்திருக்கும். அதனால் இம்பிளாண்ட் நன்றாகவே வேலை செய்கிறது.

இதயத்தில் மட்டும் அசட்டை கூடாது. கெர்ன்ஸ்-சேயர் என்ற வகையில் இதயத் துடிப்பின் மின்பாதை திடீரென்று அடைபடலாம். சரியான நேரத்தில் வைத்த பேஸ்மேக்கர் உயிரைக் காக்கும். வருடம் ஒருமுறை இசிஜியும் எக்கோவும் எடுப்பது அதற்காகத்தான்.

மெலாஸ் நோயாளிக்குத் திடீரென்று கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். அர்ஜினைன் ஏற்றும் முறை ஜப்பானிலிருந்து பரவியது. எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் வலிப்பை அடக்குவதே முக்கியம் என்கிறது இன்னொரு தரப்பு. நள்ளிரவு டியூட்டியில் இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு இந்த விவாதம் தெரிந்திருக்க நியாயமில்லை. நோயின் பெயர், மரபணு மாற்றம், கொடுக்க வேண்டியவை, கொடுக்கக் கூடாதவை, சிகிச்சை பார்க்கும் மருத்துவரின் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் அவரிடமே எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூடவே வைத்திருப்பது பெரிய உதவி.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு நெளிவு உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 வரிசைப்படுத்தும் 21 வகைகளில் மைட்டோகாண்ட்ரியா நோய் என்ற பெயர் இல்லை. காது, பார்வை, நாள்பட்ட நரம்புக் கோளாறு என்று அது விளைவித்த குறையைக் காட்டித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நோய் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகாமல் தடுக்க, இன்னொரு பெண்ணின் கருமுட்டையிலுள்ள நல்ல மைட்டோகாண்ட்ரியாவைப் பயன்படுத்தும் முறையை பிரிட்டன் 2015-ல் சட்டமாக்கியது. நியூகாசிலில் அந்த வழியில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். அது எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றாலும், 3243 போன்ற மாற்றம் ஒருவருக்கு உறுதியானால் அவருடைய அம்மா, உடன்பிறந்தோர், அம்மாவுடன் பிறந்தவர்கள், சித்தி பெரியம்மா பிள்ளைகள் எல்லோருக்கும் சர்க்கரை, காது, இசிஜி மூன்றையும் பார்த்துவைக்க நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையே போதும்.