பனித்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி

2010 பிப்ரவரி 28. கனடாவின் வான்கூவர் நகரில் குளிர்கால ஒலிம்பிக்கின் கடைசி நாள். ஆண்கள் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் கனடாவும் அமெரிக்காவும் மோதின. கனடாவின் முதல் கோலை அடித்தவர் ஜோனதன் டேவ்ஸ். ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் அமெரிக்காவுக்காகக் கோல் அடித்துச் சமன் செய்தவர் சாக் பரீசே. கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டுத் தங்கப் பதக்கத்தைக் கனடாவுக்குப் பெற்றுத் தந்தவர் சிட்னி கிராஸ்பி. இந்த மூவரும் படித்தது ஒரே பள்ளியில். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஃபேரிபால்ட் என்ற சிற்றூரில் இருக்கும் ஷாட்டக்–செயின்ட் மேரிஸ் உறைவிடப் பள்ளி அது.

1858-ல் தொடங்கிய இந்தப் பள்ளி நெடுங்காலம் ராணுவப் பள்ளியாக நடந்தது. பெரிய நகரங்களின் செல்வமும் கூட்டமும் இல்லாத ஓர் ஊரிலிருந்து இத்தனை வீரர்கள் எப்படி வந்தார்கள்? இதற்கு விடை வேண்டுமானால் ஆட்டத்தையும் பனியையும் காலில் மாட்டும் தகட்டையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பயிற்சியாளர்களின் வேலை என்னவென்பது அப்போதுதான் விளங்கும்.

என்ன ஆட்டம் இது?

ஓர் அணியில் ஒரே நேரத்தில் 6 பேர் தளத்தில் இருப்பார்கள். ஒருவர் கோல்கீப்பர், இருவர் தடுப்பாட்டக்காரர்கள், மூவர் முன்கள வீரர்கள். பந்துக்குப் பதிலாக அவர்கள் மட்டையால் அடிப்பது 'பக்' என்னும் கெட்டியான ரப்பர் வட்டு. அதன் குறுக்களவு 3 அங்குலம், தடிமன் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம் வரை. ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். குளிர்ந்த ரப்பர் அதிகம் துள்ளாது, வழுக்கிக்கொண்டு ஓடும்.

வட அமெரிக்கத் தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் பலகைச் சுவர் இருப்பதால் பக் எளிதில் வெளியே போவதில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் ஆட்டத்தில் 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். முழு வேகத்தில் ஓடுவதால் ஒருவரால் ஒரு முறைக்கு முக்கால் நிமிடம் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்க முடியும். பிறகு பெஞ்சுக்குத் திரும்புவார், இன்னொருவர் தளத்தில் குதிப்பார். ஆட்டத்தை நிறுத்தாமலே இந்த மாற்றம் நடக்கும்.

குளத்தில் தொடங்கிய கதை

உறைவிடப் பள்ளிக்கும் இந்த ஆட்டத்துக்குமான உறவு பழையது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில் உள்ள செயின்ட் பால்ஸ் பள்ளி, அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி முதலில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று. அங்கே குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளம்தான் மைதானம். அப்பள்ளியின் மாணவராக இருந்த மால்கம் கார்டன் 1885-ல் ஆட்ட விதிகளை எழுத்தில் வடித்தார். பிறகு அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்து 1917 வரை ஹாக்கி கற்பித்தார்.

அவருடைய மாணவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ஹோபி பேக்கர். இரவில் யாருமில்லாத குளத்தில், இருட்டில், பக்கை மட்டையால் தள்ளியபடி அவர் தனியே சறுக்குவார் என்று சொல்வார்கள். கண்ணால் பார்க்காமல் கையின் உணர்வாலேயே பக்கைக் கட்டுப்படுத்த அந்த இருட்டு பழக்கியதாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நட்சத்திரமாக விளங்கிய பேக்கர், முதல் உலகப் போரில் விமானியாகப் போனார். போர் முடிந்த பின், 1918 டிசம்பரில், பிரான்சில் ஒரு விமானத்தைச் சோதித்துப் பார்த்தபோது விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 26. அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் தலைசிறந்த வீரருக்கு 1981 முதல் அவர் பெயரில்தான் விருது கொடுக்கிறார்கள்.

அந்தக் குளம் விடுதிக்கு அருகில் இருந்தது. நினைத்தபோது போய்ச் சறுக்கலாம், திரும்பி வந்து தூங்கலாம். உறைவிடப் பள்ளி ஹாக்கியின் பலம் முழுவதும் இந்த அருகாமையில் அடங்கியிருக்கிறது.

செயற்கைப் பனி

இன்றைய தளங்கள் குளிர்காலத்துக்குக் காத்திருப்பதில்லை. கான்கிரீட் தரைக்குள் நெருக்கமாகக் குழாய்களைப் பதித்து, அவற்றில் உப்புக் கரைசலையோ கிளைக்கால் என்னும் எளிதில் உறையாத திரவத்தையோ பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிரவைத்து ஓடவிடுகிறார்கள். தத்துவம் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியுடையதுதான். தரை குளிர்ந்ததும் மெல்லிய படலங்களாகத் தண்ணீரைத் தெளித்து ஒவ்வொன்றாக உறைய வைப்பார்கள். இடையில் வெள்ளை வண்ணமும் சிவப்பு, நீலக் கோடுகளும் வரைந்து, மேலே மறுபடியும் தண்ணீர். மொத்தத் தடிமன் சில சென்டிமீட்டர்தான்.

விளையாட விளையாடத் தளம் கீறல் விழுந்து கரடுமுரடாகும். அதைச் சீராக்கும் வண்டியை 1949-ல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜாம்போனி உருவாக்கினார். வண்டி மேற்பரப்பை மெல்லச் சீவி, தூளை அள்ளி, கழுவி, கடைசியில் வெந்நீரை விரிக்கும். வெந்நீர் பழைய பனியின் மேற்புறத்தைச் சற்றே உருக்கி அதனோடு ஒட்டிக்கொள்ளும். அதில் கரைந்திருக்கும் காற்றும் குறைவு என்பதால் தளம் கெட்டியாக உறையும்.

பனி ஏன் வழுக்குகிறது? எடை அழுத்துவதால் உருகுகிறது என்று பல பாடநூல்கள் சொல்லி வந்தன. ஆனால் ஒரு மனிதரின் எடை பனியின் உருகுநிலையைக் குறைப்பது மிகச் சிறிதளவே. கடுங்குளிரிலும் சறுக்க முடிவதை அது விளக்காது. பனியின் மேற்பரப்பில் இயல்பாகவே நீர் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்று 1850-லேயே மைக்கேல் ஃபாரடே கருதினார். மேற்பரப்பு மூலக்கூறுகளைப் பிடித்துவைக்க மேலே வேறு மூலக்கூறுகள் இல்லாததால் அவை தளர்வாக அசைகின்றன. உராய்வில் பிறக்கும் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது.

இரண்டு விளிம்புகள்

இப்படி வழுக்கும் தரையில் ஒருவர் எப்படி வேகமெடுக்கிறார்? விடை ஸ்கேட் காலணியின் அடியில் உள்ள எஃகுத் தகட்டில் இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். சாணை பிடிக்கும்போது அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் எடுப்பார்கள். அதனால் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூரிய விளிம்புகள் கிடைக்கும். பள்ளம் ஆழமானால் பிடிப்பு கூடும், வழுக்கல் குறையும். உடல் எடை குறைந்த சிறுவர்கள் ஆழமான பள்ளத்தை விரும்புவார்கள், கனத்தவர்களுக்கு ஆழம் குறைவாக இருந்தால் போதும்.

தகடு நீளவாக்கில் தடையின்றி ஓடும், பக்கவாட்டில் பனியைக் கவ்வும். ஆகவே தரையில் ஓடுவதுபோலக் காலை நேர் பின்னால் உதைத்தால் பயனில்லை, கால் வழுக்கிப் போய்விடும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்விளிம்பால் பனியைக் கவ்விப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். திரும்பும்போது உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து, ஒரு காலை மற்றதன் மேல் கடத்தி வைக்க வேண்டும். நிற்க வேண்டுமானால் இரு தகடுகளையும் ஒரே கணத்தில் குறுக்கே திருப்ப வேண்டும். பின்னோக்கிச் சறுக்குவது இன்னொரு பாடம். இவையெல்லாம் யோசிக்காமல் வந்தால்தான் தலையை நிமிர்த்தி ஆட்டத்தைப் பார்க்க முடியும். காலைக் குனிந்து பார்க்கும் சிறுவனுக்கு ஆள் வருவது தெரியாது.

பயிற்சியாளரின் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 நிமிட ஆட்டத்தில் கோல்கீப்பர் தவிர 18 பேர் முறைவைத்து ஆடுகிறார்கள். ஒரே நேரத்தில் 5 பேர்தான் தளத்தில் என்பதால் ஒருவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 17 நிமிடம். பக் ஒன்றே ஒன்று, அதற்கு இரு அணிகளிலும் சேர்த்து 36 பேர். ஒரு நொடிகூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒருவர் மட்டையில் அது இருக்கப்போவது 2 நிமிடத்துக்கும் குறைவு. அந்த 2 நிமிடத்தில் எதைக் கற்க முடியும்?

ஒரு மணி நேரப் பயிற்சியோ வேறு மாதிரி. தளத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை கொடுத்து, பையன்களைச் சிறு குழுக்களாகச் சுற்றவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி பக் கிடைக்கும். தளத்தின் ஒரு மூலையில் மூன்றுக்கு மூன்று என ஆடவிட்டால் இடம் குறுகி, முடிவெடுக்கும் வேகம் கூடும். நல்ல பயிற்சியாளர் தன் உழைப்பில் பெரும்பங்கை இந்தத் திட்டமிடலுக்குத்தான் கொடுக்கிறார்.

ஷாட்டக் பள்ளியில் இந்தப் பாதையை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஜே.பி. பரீசே. 1972-ல் சோவியத் அணியோடு கனடா ஆடிய புகழ்பெற்ற தொடரில் இடம்பெற்றவர், மினசோட்டாவின் தொழில்முறை அணியில் பல ஆண்டுகள் விளையாடியவர். 1990-களில் இந்தப் பள்ளியின் ஹாக்கிப் பொறுப்பை ஏற்றார். ஒலிம்பிக்கில் சமன் செய்த சாக் இவருடைய மகன்தான். இவருக்குப் பின் டாம் வார்டு நீண்ட காலம் அதை முன்னெடுத்துச் சென்றார். வளாகத்திலேயே இரண்டு பனித்தளங்கள் இருப்பதால் வகுப்பு, பயிற்சி, சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். மற்ற ஊர்களில் ஒரே தளத்தைப் பல அணிகள் பங்குபோட்டுக்கொள்ளும். பெற்றோர் விடிவதற்கு முன்பே காரில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். இங்கே அந்த அலைச்சல் மிச்சமாகிப் பனியில் செலவிடும் நேரமாகிறது.

2002-03 பருவத்தில் கனடாவிலிருந்து வந்து சேர்ந்த 15 வயது கிராஸ்பி, 57 ஆட்டங்களில் 72 கோல்கள் அடித்தார். அந்த ஆண்டு பள்ளி தேசியப் பட்டம் வென்றது. அவருக்குப் பின், பிற்பாடு தொழில்முறை வீரர்களான நேதன் மக்கின்னனும் மக்லின் செலப்ரீனியும் இங்கே படித்தார்கள். மாணவிகளின் அணியும் சளைத்ததல்ல. 2018 ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்கப் பெண்களுக்காகச் சமன் செய்த மோனிக் லமரூவும், வெற்றிக் கோலைப் போட்ட அவருடைய இரட்டைச் சகோதரி ஜாஸ்லினும் இந்தப் பள்ளியில் படித்தவர்கள்.

பாதிரியாரின் பள்ளி

வசதியான வளாகம் இல்லாமலும் இது நடந்திருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளியில் வில்காக்ஸ் என்றொரு கிராமம். 1927-ல் அங்கே பங்குத்தந்தையாக வந்த ஆதல் மரே, தம்மைத் தொடர்ந்து வந்த பையன்களைக் கொண்டு நோத்ர் டாம் கல்லூரி என்ற உறைவிடப் பள்ளியையும் அதன் ஹவுண்ட்ஸ் அணியையும் வளர்த்தார். 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் பணம் இல்லாத குடும்பங்கள் விளைபொருளையும் நிலக்கரியையும் கட்டணமாகக் கொடுத்தன. மரே யாரையும் திருப்பி அனுப்பவில்லை. கிரேக்கத் தத்துவமும் ஹாக்கியும் ஒரே மூச்சில் கற்பித்த அந்தப் பாதிரியாரை 1998-ல் ஹாக்கிப் புகழரங்கம் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. அங்கே பதின்ம வயதில் ஒரே அறையில் தங்கிய வின்சென்ட் லகாவலியேவும் பிராட் ரிச்சர்ட்ஸும் 2004-ல் டாம்பா பே அணிக்காகச் சேர்ந்தே தொழில்முறை ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை ஏந்தினார்கள்.

மோதலைக் கற்பிப்பது

இந்த ஆட்டத்தில் உடலால் இடித்து எதிராளியிடமிருந்து பக்கைப் பிரிப்பது விதிக்கு உட்பட்டதே. ஆனால் எந்த வயதிலிருந்து? வளரும் பிள்ளைகளின் மூளைக்கு ஏற்படும் அதிர்ச்சியைக் கருதி, 11-12 வயதினருக்கான ஆட்டங்களில் இடிப்பதை அமெரிக்க ஹாக்கி அமைப்பு 2011-ல் நீக்கியது. ஆகவே 13 வயதில் விடுதிக்கு வரும் பையனுக்கு அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு பள்ளிப் பயிற்சியாளர் தலையில் விழுகிறது. எதிராளியை எந்தக் கோணத்தில் நெருங்குவது, முதுகைக் காட்டி நிற்பவனை ஏன் இடிக்கக்கூடாது, பலகையில் மோதப்போகும்போது தலையை ஏன் தாழ்த்தக்கூடாது என்பவை கோல் அடிக்கும் வித்தையைவிட முக்கியமான பாடங்கள். தலை குனிந்த நிலையில் மோதினால் கழுத்தெலும்பு உடையலாம்.

வீட்டை விட்டு வந்த 14 வயதுப் பையனுக்குப் பயிற்சியாளர் ஓரளவு பெற்றோரும்கூட. மதிப்பெண் குறைவதை, சாப்பிடாமல் இருப்பதை, வாய் திறக்காமல் ஒதுங்குவதை அவர்தான் முதலில் கவனிக்க வேண்டும். இந்தப் பள்ளிகளின் கட்டணம் மிக அதிகம். உதவித்தொகை இருந்தாலும் எல்லாருக்கும் எட்டாது. தொழில்முறைக் களம் வரை போகிறவர்கள் சிலரே. ஆகவே ஒரு பள்ளியின் ஹாக்கித் திட்டத்தை மதிப்பிட கிராஸ்பியின் பெயர் போதாது. அணிப் பட்டியலின் கடைசிப் பையனுக்கும் அதே பனி நேரமும் அதே அக்கறையும் கிடைக்கிறதா என்பதுதான் சரியான அளவுகோல்.

ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் காண வாய்த்தால் முதல் பத்து நிமிடம் பக்கைத் தேடாதீர்கள். பக் இல்லாத ஒரு வீரரின் கால்களை மட்டும் தொடர்ந்து பாருங்கள். அவர் விளிம்பு மாற்றுவதும் சாய்வதும் நிற்பதும் கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், அதன் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேரப் பயிற்சியும் அதைத் திட்டமிட்ட பயிற்சியாளர்களின் உழைப்பும் உங்களுக்குப் புரியும்.