கருவி வந்தது, பாடம் வரவில்லை

ஆந்திரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 600 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது. மூன்று மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஆறு பாடங்கள். கம்ப்யூட்டருக்கு அதில் இடமில்லை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கணினி வந்திருக்கிறது, டேப்லெட் வந்திருக்கிறது, சுவரில் பெரிய தொடுதிரையும் ஏறியிருக்கிறது. ஆனால் அதற்கென ஓர் ஆசிரியர், வாரந்தோறும் தவறாத பீரியட், ஆண்டு முடிவில் ஒரு தேர்வு என்ற ஏற்பாடு மட்டும் வேரூன்றவில்லை. கருவியை வாங்கிக் கொடுத்தால் கல்வி தானாக வந்துவிடும் என்று அரசுகள் திரும்பத் திரும்ப நம்பியதே இதற்குக் காரணம்.

இந்த நம்பிக்கைக்கு முதல் சோதனை சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் நடந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்குகிற, மூன்று மாநிலங்கள் தொட்டுக்கொள்ளும் ஊர் அது. அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி. 2002-ல் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து அங்கே 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கின. மண்டலங்கள் தோறும் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. கெடு முடிந்ததும் நிறுவனம் விலகிக்கொண்டது. அந்தத் திட்டத்தில் இன்றும் பாடமாக எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் சிறிய பகுதி ஒன்றுதான். சுய உதவிக் குழுப் பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் சிறு பிரிண்டரும் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய் அடையாள அட்டைப் படங்களும் விசேஷப் படங்களும் எடுத்து வருமானம் பார்த்தார்கள். கருவி, பயிற்சி, செய்து முடிக்க ஒரு வேலை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் பலன் கிடைத்தது.

அந்தச் சேர்க்கை பிறகு மறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு எட்டாம் வகுப்பு மாணவர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு, பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள் ஏற்றிய டேப்லெட்டுகளை வழங்கியது. அவற்றில் இருந்தவை கணிதம், அறிவியல் போன்ற பாடங்களின் காணொளிகள். கணினி எப்படி இயங்குகிறது என்பதற்கோ மாணவர் தாமே எதையாவது உருவாக்குவதற்கோ அந்தத் திட்டத்தில் முக்கியத்துவம் இல்லை. 2024 ஜூலையில் பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. பள்ளிக்குள் திறமை வளராமல் வெளியாரிடம் வாங்கிய உள்ளடக்கத்தை நம்பினால், விற்றவர் தள்ளாடும்போது பள்ளியும் தள்ளாடும். உலக அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. பெரு நாட்டில் 319 கிராமப் பள்ளிகளை வைத்து நடந்த ஆய்வு, பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்துப் பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை என்று 2012-ல் காட்டியது.

அப்படியானால் பாடம் என்பது எது? இங்கிலாந்தில் வெகுகாலம் ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) என்ற பெயரில் கடிதம் தட்டச்சுவதையும் ஸ்லைடு செய்வதையுமே கற்றுத்தந்தார்கள். ராயல் சொசைட்டி 2012-ல் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட, 2014 செப்டம்பரில் அந்தப் பாடம் எடுக்கப்பட்டு 'கம்ப்யூட்டிங்' வந்தது. ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது, தரவை அடுக்குவது, நிரல் எழுதுவது, வலைப்பின்னலைப் புரிந்துகொள்வது எல்லாம் அதில் அடங்கும். நம் பக்கத்தில் இதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை. சித்தூர் தோத்தாபுரி மாங்காயின் அன்றாட விலையை அட்டவணையில் ஏற்றி வரைபடமாக்கலாம். காளஹஸ்தி கலம்காரித் தொழிலை மூன்று நிமிடப் படமாக எடுத்து, வெட்டி ஒட்டி, இரு மொழியில் எழுத்தும் போடலாம். திருமலை தரிசன டிக்கெட் பெயரில் முளைக்கும் போலி இணையதளங்களைப் பற்றி தேவஸ்தானம் பலமுறை எச்சரித்திருக்கிறது. இணைய முகவரி ஒன்றைப் படித்து அசலையும் போலியையும் பிரித்தறியும் பயிற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

'பிள்ளைகளுக்குப் போனை நாம் சொல்லித்தர வேண்டுமா, அவர்கள்தானே நமக்குச் சொல்லித்தருகிறார்கள்' என்று பெற்றோர் கேட்பார்கள். கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் 'அசர்' ஆய்வின் 2024 அறிக்கை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. இந்தியக் கிராமங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் அதைச் சமூக ஊடகத்துக்குத் தொட்டவர்கள் 76 சதவீதம். படிப்புக்குத் தொட்டவர்கள் 57 சதவீதம். சொந்தப் போன் வைத்திருப்பதிலும் பெண்பிள்ளைகள் பின்தங்கியே இருக்கிறார்கள். வீட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டால் அவர்களுக்குத்தான் முதல் நஷ்டம்.

எழுதப் படிக்கவே தடுமாறும் பிள்ளைக்குக் கணினி எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. ஆனால் வாரத்துக்கு இரண்டு பீரியட் எடுப்பதால் தமிழோ கணக்கோ கெட்டுவிடாது. ஒரு படத்துக்கு வசனம் எழுதும் பிள்ளை மொழியைப் பழகுகிறது. சராசரி கண்டுபிடிக்க நிரல் எழுதும் பிள்ளை கணக்கைப் பழகுகிறது. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும் காலத்தில் இது வீண் என்பார்கள் சிலர். இயந்திரம் தரும் விடை சரியா தவறா என்று சொல்ல, அந்த வேலையின் தர்க்கம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எது வந்தாலும் ஏற்றுக்கொள்வார்.

மிஞ்சுவது பணமும் ஆசிரியரும். இன்னொரு தென்மாநிலமான கேரளம் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, ஏற்கெனவே பணியில் இருந்த கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்களையே பயிற்றுவித்தது. கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்ததால் உரிமக் கட்டணமும் மிச்சமானது. ஐ.டி.யைப் பத்தாம் வகுப்புத் தேர்விலும் சேர்த்தது. 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்களையும் தொடங்கியது. அங்கே ஐ.டி. பாடநூல் தமிழ் வழியிலும் கிடைக்கிறது என்பதைக் குப்பத்திலும் நகரியிலும் தமிழில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டார் கவனிக்க வேண்டும். பயிற்சி தருபவர்களைத் தேடி நெடுந்தூரம் போகவும் வேண்டாம். திருப்பதியில் ஐ.ஐ.டி., பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. 2015 முதல் ஸ்மார்ட்போன்கள் தயாராகும் ஊரும் அதே ஸ்ரீசிட்டிதான்.

2024 டிசம்பர் 7-ல் ஆந்திர அரசுப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம் நடந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களில் 'டேப்லெட் எப்போது வரும்' என்ற கேள்வியைப் பெற்றோர் இனி விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் பீரியட் எந்தக் கிழமை, எடுப்பது யார், இந்த ஆண்டு என் பிள்ளை எதைச் செய்து காட்டப்போகிறாள் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிகிற பள்ளியில், பழைய கணினி பத்து இருந்தாலே போதும்.