புற்றுக்காளானும் புல்தரைக் காளானும்

ஐப்பசி மழை விட்டதும் மணலியில் காலி மனைகளில் வெள்ளைக் குடை விரித்து நிற்கும் காளானைப் பறித்துவந்து, "டாக்டர், இது எங்க ஊர்ப் புற்றுக்காளான்தானே?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் இல்லை!

புற்றுக்காளான், கரையான் தன் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து முளைப்பது. தோண்டிப் பார்த்தால் தண்டு வேர் மாதிரி நீண்டு புற்றுவரை இறங்கும். குடை உச்சியில் சின்னக் கூர்முனை இருக்கும். ருசியோ ருசி!

புல்தரைக் காளானுக்கு அந்த வேர் கிடையாது. தண்டில் மோதிரம் மாதிரி வளையம். குடைமேல் பழுப்புச் செதில்கள். குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் இளசில் வெள்ளைதான், முற்றிய பிறகே பச்சை ஓடும். ஏமாறுவது இங்கேதான். முற்றிய குடையை வெள்ளைத்தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடி, ராத்திரி விட்டுவிடுங்கள். பச்சைத் தூள் படிந்தால் விஷக்காளான். இளஞ்சிவப்பாக விழுந்தாலும் அதை மட்டும் நம்பி அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற பாட்டி காலத்துச் சோதனைகள் சுத்தமாகச் செல்லாது.

இதைத் தின்றால் ஓரிரு மணி நேரத்தில் வாந்தி, பேதி பிடுங்கும். 6 மணி நேரம் கழித்து ஆரம்பித்தால் இன்னும் ஆபத்து. கல்லீரலைக் கெடுக்கும் வேறு காளானாக இருக்கலாம். கஷாயம் கேட்டு என்னிடம் வராதீர்கள். மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.