தேய்வதற்கென்று ஒரு வளையம்

மாத்தளை நகரின் எல்லையிலே, என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், தகரக் கூரையிட்ட சாய்ப்பு ஒன்று இருக்கிறது. அதனுள்ளே பழைய கடைசல் இயந்திரம் ஒன்று. 'லேத்' என்றால்தான் எங்கள் ஊரில் எல்லோர்க்கும் விளங்கும். ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து, அத்தொழிற்சாலை மூடப்பட்டபோது பழைய இரும்பின் விலைக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற பின் சிலர் கோயிலை நாடுவர்; சிலர் பேரப்பிள்ளைகளை நாடுவர். நான் இந்தச் சாய்ப்பை நாடினேன். முதுமையடைந்த கை உழவு இயந்திரங்களுக்கு, எங்கும் விலைக்குக் கிடையாத உறுப்புகளைக் கடைந்து கொடுப்பதே இங்கு என் வேலை.

இரண்டு சில்லுகளோடு, உழுபவன் பின்னே நடந்து செலுத்தும் அச்சிறு இயந்திரத்தை எங்கள் பக்கத்து முதியோர் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைப்பர். யப்பானிய இயந்திரத்தைக் கண்டாலும் அவர்கள் வாயில் வருவது அந்தப் பெயரே. உண்மையில் அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஓர் இயந்திரத்தின் பெயர். அதனை வகுத்தவரோ நம் நாட்டவரான றே விஜேவர்தன. 1924 இல் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1950களில் சிறு கமக்காரனை மனத்திற்கொண்டு இதனை ஆக்கினார். பெரிய உழவு இயந்திரம் திரும்பவே இடம் போதாத சிறு வயல்களில், எருமை செய்த வேலையை இது ஏற்றுக்கொண்டது.

அவற்றைச் செய்த ஆலை அத்தொழிலை விட்டு நெடுங்காலமாயிற்று. கொழும்பிலே எந்த உதிரிப்பாகமும் கிடைக்கும் என்று பெயர்பெற்ற பஞ்சிகாவத்தைக்குப் போனவர்களும் வெறுங்கையோடு திரும்பி என்னிடம் வருகிறார்கள். 1970க்கும் 1977க்கும் இடையே இறக்குமதிகள் இறுக்கப்பட்ட காலத்தில் ஊர்ப் பட்டறைகள் கற்றுக்கொண்ட வித்தையே இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது.

இவ்வேலையில் முதற்சங்கடம் அளவு எடுப்பது. தேய்ந்த உறுப்பு பொய் சொல்லும். அதன் இன்றைய அளவு, அது பிறந்தபோதிருந்த அளவன்று. ஆகவே எதுவும் உரசாத மூலை ஒன்றை அதில் தேடவேண்டும். மெய்யான அளவு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது சங்கடம் திருகாணிப் புரி. பழைய ஆங்கில இயந்திரங்களில், 1841 இல் ஜோசப் விற்வேர்த் வகுத்த முறைப்படி, புரியின் கோணம் 55 பாகை. பிற்காலத்தில் வந்த யப்பானிய எஞ்சின்களில் மெற்றிக் புரி. அதன் கோணம் 60 பாகை. ஒன்றை மற்றொன்றில் முறுக்கினால் இரண்டு சுற்று ஏறும். அதன்பின் இரண்டும் கெடும். என் இயந்திரமோ அங்குலக் கணக்கில் அமைந்தது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆதலால் மெற்றிக் புரியைப் பிழையின்றி வெட்டவேண்டுமாயின் 127 பற்களுள்ள சில்லொன்றை இதில் மாட்டவேண்டும். அந்தச் சில்லைத் தேடிப் பெறுவதற்கே எனக்கு ஓராண்டு பிடித்தது.

இவையெல்லாம் கணக்கினால் தீரும். கணக்கினால் தீராத பிழை ஒன்றை நான் செய்தேன். அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், சிறுபோகம் தொடங்கும் வேளையில், கலேவெலப் பக்கத்திலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். தேவஹுவ குளத்து நீரில் பயிர் செய்பவர். சுழல்கத்தித் தண்டைத் தாங்கும் புஷ், அதாவது தண்டு சுழலும் உலோக வளையம், தேய்ந்துபோயிருந்தது.

"தம்பி, இது எங்கட வாப்பா வாங்கின மெஷின். இனி ஒருநாளும் தேயாத மாதிரி ஒண்டு செஞ்சு தாங்க" என்றார்.

"தேயாது நானா, என்னை நம்புங்கள்" என்றேன்.

உடைந்த லொறி அச்சின் உருக்கிலே வளையத்தைக் கடைந்து, நெருப்பிலிட்டு, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கினேன். அரம் வைத்தால் வழுக்கிற்று. எனக்கு அளவற்ற பெருமை.

பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். நான் சொன்னபடியே வளையம் தேயவில்லை. ஆனால் அதற்குள் சுழன்ற தண்டு வரிவரியாகக் கிழிந்து, இறுகி நின்றுவிட்டது. உருக்கோடு உருக்கு உரசினால் இரண்டில் ஒன்று அழியும். அழிந்தது விலையுயர்ந்த தண்டு. புதுத் தண்டு கடைந்து, பித்தளை வளையம் ஒன்றை அவசரமாக இட்டுக் கொடுத்தபோது அயல் வயல்களில் நாற்று பச்சையாகிவிட்டது. குளத்து நீரைத் திறக்கும் நாளும் மூடும் நாளும் கமக்காரர் கூட்டத்தில் முன்கூட்டியே முடிவானவை, ஒருவர்க்காக மாறமாட்டா. அவருடைய கடைசி வயல் பதராயிற்று. அறுவடைக்குப்பின் வந்து, நான் மறுத்தும் கூலியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. ஏசியிருந்தால் அன்றிரவு உறங்கியிருப்பேன்.

2022 இல் அவர் மீண்டும் வந்தார். நாட்டில் டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றது. பேருந்தில், சாக்கிலே சுற்றிய உறுப்போடு வந்திறங்கினார். பித்தளை வளையம் தேய்ந்திருந்தது. தண்டு பழுதின்றி இருந்தது. வேறு பட்டறைக்குப் போயிருக்கலாம்; என்னிடமே வந்தார்.

தேயிலை உருட்டும் இயந்திரமொன்றின் பழைய வெண்கலத் துண்டு என்னிடம் இருந்தது. மின்சாரம் வந்த நள்ளிரவில் எழுந்து கடைந்தேன். இம்முறை அவசரப்படவில்லை. வளையத்தை அதன் இருப்பிடத்தில் அழுத்திச் செருகும்போது துளை சற்றே சுருங்கும். ஆகவே செருகிய பின்னரே துளையை முடித்தேன். தண்டுக்கும் துளைக்கும் இடையே எண்ணெய் நிற்க, அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி விட்டேன். சேறு புகாதபடி முத்திரை வளையத்தையும் மாற்றினேன்.

"இது எத்தன போகத்துக்கு வரும், தம்பி?"

"மூன்று, நான்கு போகம் வரும் நானா. பிறகு தேயும். தேயட்டும், தண்டு தப்பும்."

அவர் சற்று நேரம் யோசித்தார். "அப்ப ரெண்டு செஞ்சு தாங்க" என்றார்.

இரண்டாவதற்குக் கூலி வாங்கவில்லை. இம்முறை அவரும் வற்புறுத்தவில்லை.

2010 இல் மறைந்த விஜேவர்தன, பிற்காலத்தில் தம் படைப்பையே ஐயுற்றார். இயந்திர உழவினால் கமக்காரனுக்கு விளைச்சல் பெருகிற்றா என்று கேட்டு, மண்ணைக் கிளறாத வேளாண்மையையும், கிளிரிசிடியா போன்ற மரங்களின் தழையால் நிலத்தைப் பேணுவதையும் எடுத்துரைத்தார். தாம் ஆக்கியது தேயாமல் நிற்கவேண்டும் என்று அவர் பிடிவாதம் கொள்ளவில்லை. அவர் ஐயம் நியாயமாகவே இருக்கலாம். ஆயினும் ஏர்மாட்டை விற்று இயந்திரம் வாங்கிய தந்தையின் மகனுக்கு அடுத்த போகம் எப்போதும் அருகிலேயே நிற்கிறது. அதுவரை வளையம் ஒன்று வேண்டியிருக்கிறது.

அந்த உருக்கு வளையம் என் சாளரத்து ஆணியில் தொங்குகிறது. இன்றும் அதில் ஒரு கீறலுமில்லை. வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன்.