பிள்ளைகள் குறைந்தார்கள், தொகுதியும் குறையுமா?

சுவர்களில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தை வரைந்து, அளவாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னது. தமிழ்நாட்டுப் பெற்றோர் கேட்டு நடந்தார்கள். இப்போது, அதனாலேயே டெல்லியில் நம் குரல் தேய்ந்துவிடும் என்று பேச்சு எழுகிறது. இதில் எவ்வளவு உண்மை? நம் ஏரிக்கும் காட்டுக்கும் இதில் என்ன தொடர்பு?

முதலில், பிறப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் (ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி) 1.8. பீகாரில் ஏறக்குறைய 3. நாடு முழுமைக்கும் 2.0. மக்கள்தொகை கூடாமல் குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

நாடே 2.1க்குக் கீழே இறங்கிவிட்டதே, பிறகு ஏன் மக்கள்தொகை இன்னும் கூடுகிறது? பிறப்பு அதிகமாக இருந்த காலத்தில் பிறந்தவர்கள் இப்போது பெற்றோர் ஆகும் வயதில் இருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் கூட்டிப் பார்த்தால் பெரிய எண்ணிக்கை வரும். 2060களில் சுமார் 170 கோடியைத் தொட்டபின் இறங்கும் என்பது ஐ.நா. மதிப்பீடு.

தொகுதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மக்களவை இடங்களை மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. அதை அப்படியே கடைப்பிடித்தால், குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலம் இடத்தை இழக்கும். அதனால்தான் 1976ல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42வது திருத்தம், 1971 கணக்கை வைத்தே இடப்பங்கீட்டை 2001 வரை நிறுத்திவைத்தது. 2001ல் வந்த 84வது திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

நெருக்கடி நிலைக் காலத்தின் இன்னொரு முகத்தையும் மறக்கக் கூடாது. 1976–77ல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பலருக்கு வற்புறுத்தலால். ஏழையின் உடல்மீது அரசு இலக்கு வைத்த கொடுமை அது.

தடை நீங்கினால் நமக்கு எத்தனை இடம் குறையும்? 543ல் நம்முடையது 39, அதாவது 7.2 சதவீதம். ஆனால் 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் நாம் சுமார் 6 சதவீதம்தான். மொத்த இடங்களை 543ஆகவே வைத்து, அந்தக் கணக்கின்படி பிரித்தால் நமக்கு 32 அளவில்தான் கிடைக்கும். மொத்த இடங்களைக் கூட்டினால்? 39 குறையாது, கூடவும் செய்யலாம். ஆனால் மக்கள்தொகைதான் அளவுகோல் என்றால் நம் பங்கு சரியும். எண்ணிக்கை குறையாது என்று யாராவது உறுதி தந்தால், ‘சதவீதம்?’ என்று திருப்பிக் கேளுங்கள். வாக்கெடுப்பில் அதுதான் எடை.

காட்டையும் ஏரியையும் பற்றிக் கேட்டோமே? அதே 42வது திருத்தம்தான் காடுகளையும் வனவிலங்குகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு (மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய துறைகளின் பட்டியல்) மாற்றியது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டையும் அங்கேயே சேர்த்தது. 2023ல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது நாடாளுமன்றத்தில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே சாலை, எங்கே சுரங்கம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டங்கள் அங்கே எழுதப்படுகின்றன. அங்கே நம் பங்கு சுருங்கினால், நம் மலையைப் பற்றிய பேச்சிலும் நம் எடை குறையும்.

பணத்திலும் இது தெரியுமா? தெரியும். 2021–26 காலத்துக்கு 15வது நிதிக்குழு (மத்திய வரியை மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப் பரிந்துரைக்கும் அமைப்பு) 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடை தந்தது. பிறப்பைக் குறைத்ததற்கு 12.5, காட்டுக்கும் சூழலுக்கும் 10. பிறப்பைக் குறைத்ததற்கு மதிப்புத் தரும் வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. இடப்பங்கீட்டிலும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும் என்பதே என் கருத்து.

சரி, பிறப்பு குறைந்ததால் நம் சூழல் தப்பித்ததா? இல்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பாருங்கள். அதன் பெரும்பகுதியை விழுங்கியவை கட்டடங்களும் சாலைகளும் பெருங்குடிக் குப்பைமேடும். தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் இது நடந்தது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதற்கும் தொட்டில்களைக் குறை சொல்ல முடியாது. உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக 2 டன் அளவில் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர், ஏறக்குறைய ஏழு மடங்கு. தலைகளை மட்டும் எண்ணினால், யார் எவ்வளவு செலவழிக்கிறார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

அப்படியானால் நிறையப் பெற்றுக்கொள்ளச் சொல்லும் தலைவர்களின் பேச்சைக் கேட்கலாமா? தொகுதிக் கணக்குக்காகப் பிள்ளை பெறச் சொல்வதும், இலக்குக்காகக் கருத்தடை செய்ததும் ஒரே தவறின் இரு பக்கங்கள். எத்தனை குழந்தை என்பது உங்கள் வீட்டின் முடிவு, அதிலும் முதலில் பெண்ணின் முடிவு.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? 2027 மார்ச் 1 நிலவரப்படி மக்கள்தொகை எண்ணப்படும் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் வீட்டுக் கைக்குழந்தையும் படுக்கையில் இருக்கும் பாட்டியும் விடுபடக் கூடாது. உங்கள் வீட்டில் வாடகைக்குத் தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளியும் தமிழ்நாட்டில் எண்ணப்பட வேண்டியவர்தான், அவரிடம் சொல்லிவையுங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மக்களவையில் நம் சதவீதத்தைக் காக்க என்ன செய்வீர்கள்? நம் ஊர் ஏரியின் எல்லையை அளந்து கல் நடுவீர்களா?