மணமறியும் பிளாஸ்டிக்கும் பள்ளிவாசல்துறைக் கடற்காற்றும்

புத்தளம் மாவட்டக் கரையிலுள்ள பள்ளிவாசல்துறை போன்ற ஊர்களில் வள்ளங்கள் கரையேறும்போது, மீனின் விலை விரலினாலும் மூக்கினாலுமே தீர்மானிக்கப்படுகின்றது. வாங்குவோன் செவுளை உயர்த்திச் செந்நிறம் பார்க்கின்றான், கண் குழிந்துள்ளதா என நோக்குகின்றான், தசையை அழுத்துகின்றான், ஈற்றில் முகர்ந்து பார்க்கின்றான். “பழசு” என அவன் ஒரு சொற் சொல்லிவிடின், இரவெல்லாம் கடலில் விழித்திருந்தவனின் உழைப்பு மலிந்துபோம். அச்சொல் உண்மையோ, விலை குறைக்கும் உபாயமோ என்பதற்குச் சான்று யாது? புத்தளம் நகரிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் அம்மீனை வாங்கும் இல்லத்தரசிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இருவருக்கும் பொதுவான சான்றொன்றைத் தரவல்ல வாயு உணரிகளைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

கடல்மீனின் தசையிலே திரைமெதைலமீன் ஒட்சைட்டு என்னும் மணமற்ற பொருள் இயல்பாகவே உண்டு. மீன் இறந்தபின் பற்றீரியங்கள் அதிலுள்ள ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, எஞ்சுவது திரைமெதைலமீன். மீன்நாற்றம் என நாம் கூறுவது பெரும்பாலும் இதுவே. அழுகல் முதிர முதிர அமோனியாவும் இதனோடு சேர்கின்றது. இவை இரண்டும் காரத்தன்மை உடையன என்பதை வாசகர் நினைவில் இருத்துக. பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் மிகக் குறைந்த திரைமெதைலமீனை மனித மூக்கு அறியவல்லது. ஆதலின் பொறியானது நுண்மையில் மூக்கை வெல்லும் என எண்ணுதல் தவறு. மூக்கின் குறை வேறு. அது விரைவிற் சலிப்படையும். நாளெல்லாம் மீன்வாடியில் நிற்பவனுக்கு நாற்றம் நாற்றமாகத் தோன்றாது. அன்றியும், தான் உணர்ந்ததை எண்ணாற் கூற அது அறியாது. நமக்கு வேண்டியதோ பக்கஞ்சாராத ஓர் எண்.

அவ்வெண்ணைத் தருவது பிளாஸ்டிக் எனின் வியப்புத் தோன்றும். மின்கம்பிக்கு உறையாகும் காவலியன்றோ அது? 1967 ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஹிதெகி சிரகாவாவின் ஆய்வுகூடத்திலே, ஊக்கி தவறுதலாக ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மிகுதியாக இடப்பட்டது. கருந்தூளாய் வரவேண்டிய பொலிஅசற்றிலீன், வெள்ளி போற் பளபளக்கும் ஏடாய் வந்தது. 1977 இல் அவரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து அலன் மக்டயார்மிட், அலன் ஹீகர் என்பாரும் அத்தகைய ஏட்டில் அயடீன் ஆவியை ஏற்ற, அதன் மின்கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்ந்தது. இம்மூவர்க்கும் 2000 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. கடத்தும் பிளாஸ்டிக் பிறந்த கதை என இதனைக் கூறுவர். ஆவி பட்ட மாத்திரத்தில் தன் கடத்தலை மாற்றிக்கொண்ட பொருள் அது. ஆதலின் வாயு உணரி பிறந்த கதையும் அதுவே என்பேன்.

பொலிஅசற்றிலீன் காற்றிலே விரைவிற் கெடுவது. எனவே நம் காரியத்துக்கு உதவாது. அதனினும் முதியதும் உறுதியானதும் பொலிஅனிலீன். 1862 இல் இலண்டனில் ஹென்றி லெத்தபி என்பார் அனிலீன் கரைசலில் மின்னைச் செலுத்தி, நீலமும் பச்சையும் கலந்த படிவொன்றைப் பெற்றார். அதன் அருமை அன்று எவர்க்கும் புலப்படவில்லை. இப்பொருள் அமிலத்தோடு சேர்ந்து புரோத்தன்களைத் தாங்கி நிற்கும்போது பச்சை நிறமாயும் நற்கடத்தியாயும் இருக்கும். காரமான அமோனியாவோ அமீனோ வந்து புரோத்தன்களைப் பறிக்குமாயின், அது நீலநிறம் பெற்றுக் காவலியாகின்றது. அழுகும் மீன் வெளிவிடும் வாயுக்கள் காரத்தன்மையன என முன்னர்க் கூறியதன் பயன் இப்போது விளங்கும். இந்தோனேசியாவின் ஜெம்பர் பல்கலைக்கழகத்தார் பொலிஅனிலீன் ஏட்டை மீன்பொதியினுட் பதித்து, பால்மீன் கெடுந்தோறும் அதன் பச்சை நீலமாவதைக் காட்டி 2012 இல் கட்டுரை வெளியிட்டனர். எழுத்தறியாதவரும் வாசிக்கத்தக்க பொறி இது.

மற்றொரு வகை, கலப்புப் பொருளாலானது. கடத்தாத சாதாரண பிளாஸ்டிக்கினுள் காபன் கரித்தூளைக் கலப்பர். துகள்கள் ஒன்றையொன்று தொடுமளவு நிறைந்ததும் மின் செல்லும் வழி உண்டாகும். ஆவி புகுந்தால், ஊறிய உளுந்து போலப் பிளாஸ்டிக் பருக்கும், துகள்கள் விலகும், தடை ஏறும். வெவ்வேறு பிளாஸ்டிக்குகள் வெவ்வேறு ஆவிகளுக்குப் பருப்பதால், பல உணரிகளை நிரையாக வைத்து அவை தரும் கோலத்தைக் கொண்டு ஆவியை இனங்காணலாம். கலிபோர்ணியாத் தொழினுட்ப நிறுவகத்திலே நேதன் லூயிஸ் என்பார் 1990 களில் இம்முறையை வளர்த்தார். 1998 இல் டிஸ்கவரி விண்ணோடம் இவ்வாறான 32 உணரிகள் கொண்ட செயற்கை மூக்கொன்றைச் சுமந்து சென்றது. சமையல்வாயுக் கசிவை அறியும் வெள்ளீய ஒட்சைட்டு உணரிகள் சில நூறு பாகை வெப்பத்திலேயே தொழிற்படுவன. பிளாஸ்டிக் உணரிக்கோ அறை வெப்பநிலை போதும். சிறு மின்கலமொன்று நெடுநாள் ஊட்டும்.

இவ்வளவும் ஆய்வுகூடத்துச் செய்தி. பள்ளிவாசல்துறையில் நிகழ்வது வேறாகலாம். எளிதில் மாறும் இயல்பே இப்பொருள்களின் சிறப்பு. அவ்வியல்பே இவற்றின் பலவீனமுமாம். கடற்காற்றின் ஈரம் பொலிஅனிலீனைப் பெரும்பாலும் கூடுதலாகக் கடத்தச் செய்யும்; அமோனியாவின் விளைவு அதற்கு மறுதலை. ஆகவே ஈரமான காலையில் கெட்ட மீன் நல்ல மீனாய்த் தோற்றலாம். கலப்புப் பொருளிலோ, நீரை விரும்பும் பிளாஸ்டிக் ஈரத்தாற் பருத்துத் தடையை ஏற்றுதலால், நல்ல மீன் கெட்டதெனப் பழி ஏற்கும். முதலாவது பிழையால் உண்பவன் நட்டமடைவான். இரண்டாவதால் மீனவன் நட்டமடைவான். உப்பும் சேர்ந்தே கெடுக்கின்றது. மழைக்காலத்திற் சமையலறை உப்பு நீர்த்துப்போவதை யாவரும் கண்டிருப்பர். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் சோடியங் குளோரைட்டு தானே கரையத் தொடங்கும். மின்வாய்களின் மேற் படிந்த உப்புத்தூள் இவ்வாறு கரைந்தால், மின் பிளாஸ்டிக்கை விட்டு உப்புநீர் வழியே ஓடும். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் இயங்குவதும் கருதத்தக்கது; நிலக்கரி எரிந்து வரும் கந்தகவீரொட்சைட்டு அமில வாயுவாதலின், அமோனியா பறித்ததை அது மீளக் கொடுக்கக் கூடியது.

மீன்களும் ஒருதன்மையன அல்ல. சுறாவும் திருக்கையும் தசையில் யூரியாவை மிகுதியாகக் கொண்டவை. பற்றீரியங்கள் அதை அமோனியாவாக்குவதால் அவற்றின் நாற்றம் விரைவில் எழும். சாளைக்கு வகுத்த எல்லையை இவற்றுக்கும் வகுத்தல் அநீதி. சூரையிலோ ஆபத்து எதிர்ப்புறத்திலுள்ளது. வெயிலிற் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்ரமீன் நஞ்சாகவல்லது, ஆவியாகாதது, சமைத்தாலும் அழியாதது. இதை மூக்கும் அறியாது, நாம் கூறிய உணரியும் அறியாது. பச்சை ஏட்டை நம்பிச் சூரை உண்ணலாகாது.

ஈரத்துக்கு மாற்று உண்டு. ஈரப்பதனைத் தனியே அளந்து கழித்தல் ஒன்று. பிழைகள் எதிரெதிர்த் திசையில் நிகழ்வதால் இருவகை உணரிகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் மற்றொன்று. பொலிஅனிலீனோடு பென்சிற்கரியிலிருந்து பெறும் கிரபீனைச் சேர்த்துச் செய்யும் கலப்புப் பொருள்களும் ஆராயப்பட்டுள்ளன. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களின் தூய பென்சிற்கரி நம் நாட்டுச் செல்வம். 2008 இல் நிறுவப்பட்ட இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் அதிலிருந்து கிரபீன் ஆக்க முயன்றுள்ளது. நம் மாணவர் எவரேனும் இதைக் கைக்கொள்வாராயின், ஆய்வுகூடத்தை விட்டு ஒரு சோளகப் பருவம் முழுவதும் கரையிலே தங்குதல் வேண்டும். மீன்வாடியின் கூரைக்கீழ் இரண்டு பெட்டிகள் தொங்கட்டும்: ஒன்றிற் பனிக்கட்டியில் இட்ட மீனும் உணரியும், மற்றதில் உணரி மாத்திரம். முதலிற் குறித்துக்கொள்ள வேண்டியது அவ்வெறும் பெட்டி என்ன சொல்கின்றது என்பதையே. மீனே இல்லாத பெட்டி “பழசு” என்று கூறும் நாட்கள் எத்தனை என்று எண்ணிய பின்னரே, மற்றப் பெட்டியின் எண்ணை ஏலத்திற்குக் கொண்டுவரலாம்.