லாரி வாடகையில் ஒளிந்த கோடிகள்

கொள்முதல் பில் வந்தால் நம் கண் முதலில் போவது சரக்கு விலைக்குத்தான். மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடியிருந்தால் உடனே போன் போட்டுக் கேட்கிறோம். ஆனால் அடியில் 'லாரி வாடகை' என்று எழுதியிருப்பதை அப்படியே கூட்டிப் பணம் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு வரியை வைத்து ஐக்கிய நாடுகள் சபையையே ஏமாற்றிய கதை வணிகர்கள் அனைவரும் அறிய வேண்டியது.

1990-ல் குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக்கின் மீது ஐ.நா. வணிகத் தடை விதித்தது. அதனால் மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று 'எண்ணெய்க்கு உணவு' என்ற திட்டம் 1996 முதல் 2003 வரை நடந்தது. ஈராக் எண்ணெய் விற்கலாம். பணம் அந்த அரசின் கைக்குப் போகாது, ஐ.நா.வின் வங்கிக் கணக்கில் சேரும். கோதுமையும் மருந்தும் அனுப்பும் வியாபாரிக்கு அந்தக் கணக்கிலிருந்து பட்டுவாடா ஆகும். சுமார் 6,400 கோடி டாலருக்கு எண்ணெய் விற்றது. காகிதத்தில் பார்த்தால் ஓட்டையே இல்லாத ஏற்பாடு.

ஆனால் யாரிடம் சரக்கு வாங்குவது என்ற உரிமை ஈராக் அரசிடமே இருந்தது. 1999-லிருந்து அவர்கள் 'உள்நாட்டுப் போக்குவரத்துக் கட்டணம்' கேட்டார்கள். அடுத்த ஆண்டு, விற்பனைக்குப் பிந்தைய சேவை என்று பத்து சதவிகிதம் சேர்ந்தது. கோதுமையை விற்றபின் அதற்கு என்ன சேவை? வியாபாரிகள் இத்தொகையைச் சரக்கு விலையிலேயே ஏற்றி ஐ.நா. கணக்கில் வாங்கிக்கொண்டு, மறைவாக ஈராக் அரசுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் அதிகம் கொடுத்தது ஆஸ்திரேலிய கோதுமை வாரியம். 1939-ல் அரசு அமைப்பாகத் தொடங்கி, 1999-ல் விவசாயிகள் பங்குதாரர்களான கம்பெனியாக மாறியது. ஜோர்டான் நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு லாரி வாடகை என்று 22 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அந்த நிறுவனம் கோதுமையை ஏற்றிச் செல்லவே இல்லை. சிறு கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை ஈராக் அரசுக்குத் தள்ளிவிட்டது.

பால் வோல்க்கர் தலைமையிலான குழு 2005-ல் கணக்கைப் புரட்டியபோது, 2,200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் இப்படிப் பணம் போனது தெரிந்தது. எண்ணெய் விற்பனையில் வாங்கியதையும் சேர்த்தால் ஈராக் அரசு சுருட்டியது சுமார் 180 கோடி டாலர். அது அந்நாட்டு மக்களின் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உரிய பணம்.

எளிய திருட்டிலும் ஐ.நா. ஏமாந்திருக்கிறது. 1994 ஏப்ரலில் சோமாலியாவின் மொகாதிஷு முகாமில் 39 லட்சம் டாலர் ரொக்கம் காணாமல் போனது. அதை வைத்திருந்த இடம் இரும்புப் பெட்டியல்ல, கோப்புகள் வைக்கும் அலமாரி!

நம் கடை சிறியது, நமக்கு இது வராது என்று எண்ண வேண்டாம். எங்கள் மண்டியிலேயே லாரி வாடகையில் மூட்டைக்கு இரண்டு ரூபாய் வீதம் வெகுநாள் கூடுதலாகப் போயிருக்கிறது. ஒருநாள் டீக்கடையில் டிரைவரிடம் வாடகை எவ்வளவு என்று பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அன்றுமுதல் மூன்று வழக்கங்களை வைத்துக்கொண்டோம். சரக்குக்கு ஆர்டர் போடுபவர் ஒருவர், இறங்கும் மூட்டையை எண்ணுபவர் வேறொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். வாடகை, கூலி, தரகு ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது. கல்லாவில் ராத்தங்கும் ரொக்கத்துக்கு ஒரு வரம்பு.

ஆஸ்திரேலியாவில் தவறு செய்தவர்கள் சில அதிகாரிகள்தான். ஆனால் கோதுமை ஏற்றுமதியில் அந்த வாரியத்துக்கு இருந்த தனி உரிமை 2008-ல் பறிபோனது. ஒரு பாவமும் அறியாத விவசாயிகளும் அதோடு தங்கள் பொது அமைப்பை இழந்தார்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். நாணயம் போனால் எந்த மண்டியில் வாங்குவது?